மலையடிவாரத்தில் ஒரு கைப்பிடிக் கடல்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் நமக்கு நினைவு வருவது ஆண்டாள் கோயில் கோபுரமும் பால்கோவாவும்தான். ராஜபாளையம் என்றால் நூல் மில்களும், அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய வெள்ளை நாய்களும். இந்த இரண்டு ஊர்களுக்கும் வந்து போகிறவர்களில் எத்தனை பேர் இன்னும் கொஞ்சம் வடக்கே தள்ளி, மலையை ஒட்டிக் கிடக்கும் பிளவக்கல்லை எட்டிப் பார்க்கிறார்கள்? அங்கே நான் பார்த்த ஒரு வீட்டையும், அந்த வீட்டில் வளரும் ஓர் அதிசயப் பிராணியையும் பற்றித்தான் சகோதரிகளுக்குச் சொல்லப் போகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினால் வத்திராயிருப்பு. அங்கிருந்து கூமாபட்டி வழியாகப் பிளவக்கல். ஆமாம், 2025-ஆம் வருஷம் ஓர் இளைஞர் செல்போனில் படம் பிடித்துப் போட்டு ஊரெல்லாம் பேச வைத்தாரே, அதே கூமாபட்டிதான்! வத்திராயிருப்பு தாண்டியதும் இரண்டு பக்கமும் நெல் வயல், தென்னந்தோப்பு, நடு நடுவே புளிய மரங்கள். எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை வரவர உயர்ந்துகொண்டே வருகிறது. இந்த மலைக்காடு 1988-லிருந்து நரை அணில் சரணாலயமாக இருந்தது. 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் ஆகிவிட்டது. ஆகவே இஷ்டத்துக்குக் காட்டுக்குள் நுழைய முடியாது. அணைப் பக்கம் நின்று பார்ப்பதோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

அணை ஒன்றல்ல, இரண்டு. ஒன்று பெரியாறு அணை, மற்றொன்று கோவிலாறு அணை. பெரியாறு என்றதும் தேக்கடிப் பக்கத்துப் பெரியாறு என்று நினைத்துவிடாதீர்கள். இது வேறு, சின்ன ஆறு. பெரியாறு அணையின் உயரம் 47 அடிக்குக் கொஞ்சம் மேலே, கோவிலாறு 42 அடிக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் வத்திராயிருப்பு வட்டாரத்துக் கண்மாய்களுக்கெல்லாம் இந்த இரண்டும்தான் தாய்ப்பால். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு போனால் தண்ணீர் தளும்பிக்கொண்டு, மலை நிழல் அதில் தலைகீழாக விழுந்து, பார்க்கக் கண் கோடி வேண்டும். குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் கையை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அணையில் இறங்கிக் குளிக்கும் எண்ணமே வேண்டாம். ஆழம் வெளியே தெரியாது.

என் தங்கையை இந்த ஊர்ப் பக்கம்தான் கட்டிக் கொடுத்திருக்கிறது. அணைக்குப் போகும் வழியில் தென்னந்தோப்புக்குள் வீடு. கணவருக்கு ராஜபாளையத்தில் மில் ஆபீஸ் உத்தியோகம். ஒரே பையன், ஏழாவது படிக்கிறான். வயதான மாமியார் கூட இருக்கிறார். அரைப் பரீட்சை லீவுக்கு நானும் என் பெண்ணும் போய் ஒரு வாரம் தங்கினோம்.

கூடத்தில் ஒரு கடல்

அந்த வீட்டுக் கூடத்தில் சுமார் 120 லிட்டர் பிடிக்கும் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. உள்ளே இருப்பது கடல் தண்ணீர்! கடற்கரைக்குப் போக வேண்டுமானால் இந்த ஊரிலிருந்து மூன்று மணி நேரமாவது ஆகும். மலையடிவாரத்தில் கடலை எப்படிக் கொண்டு வந்தார்கள் என்று கேட்டேன்.

சுத்திகரித்த நல்ல தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் கணக்கில், மீன் தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்புக் கலவையைக் கரைக்கிறார்கள். சமையல் உப்பு உதவாது. கடலில் வெறும் உப்பு மட்டுமா இருக்கிறது? சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம் என்று என்னென்னவோ இருக்கிறது. அதெல்லாம் சேர்ந்த கலவை வேண்டும். தண்ணீரை ஊற்றியதும் பிராணிகளை விட்டுவிடவும் முடியாது. நான்கைந்து வாரம் சும்மா ஓட விட வேண்டும். பாலுக்கு உறை ஊற்றிக் காத்திருக்கிற மாதிரிதான். அழுக்கைத் தின்று நஞ்சை முறிக்கும் நல்ல கிருமிகள் அந்த நாளில்தான் தொட்டிக்குள் குடியேறுமாம்.

தொட்டிக்குள் பாறைகள் அடுக்கி அழகாக இருந்தது. "இதெல்லாம் பவளப் பாறையா?" என்றேன்.

"ஐயோ மதினி, பவளப் பாறையத் தொட்டா ஜெயில்தான்!" என்று சிரித்தார் தங்கை கணவர். சிமென்ட்டும் சிப்பித் தூளும் கலந்து, மணலில் குழி பறித்து வார்த்து, வாரக்கணக்கில் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறப் போட்டு அவரே செய்த பாறைகளாம் அவை. நம் நாட்டுப் பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாவற்றையும் 2001-ல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். எடுப்பதும் குற்றம், விற்பதும் குற்றம்.

சுங்குடிச் சேலை கட்டிய இறால்

பாறை இடுக்கில் இருந்து அது வெளியே வந்ததைப் பார்த்ததும் என் பெண் கூவிவிட்டாள். இரண்டு அங்குலம்கூட இராத ஓர் இறால். வெள்ளை உடம்பில் பெரிய பெரிய பழுப்புப் பொட்டுகள், ஒவ்வொரு பொட்டுக்கும் நீலக் கரை. மதுரைச் சுங்குடிச் சேலையைச் சுற்றிவிட்ட மாதிரி! முன்னங்கை இரண்டும் தட்டையாகத் துடுப்புப் போல. நெற்றியில் சின்ன இலை இரண்டு ஒட்டியது போல மீசை. கடைக்காரர்கள் ஹார்லெக்வின் இறால் என்கிறார்கள். மேல்நாட்டு நாடகங்களில் பல நிற ஒட்டுப் போட்ட உடை உடுத்தி வரும் கோமாளியின் பெயராம் அது.

அழகில் குறை இல்லை. சாப்பாட்டில்தான் வம்பு. இந்த இறால் நட்சத்திர மீனைத் தவிர வேறு எதையும் தின்னாது! மீன் தீனி போட்டாலும் சரி, கறி போட்டாலும் சரி, திரும்பிப் பார்க்காது. நட்சத்திர மீனின் வாசனை தண்ணீரில் பட்டால் மட்டும் மீசையை ஆட்டிக்கொண்டு வந்துவிடும். கடலில் இவை ஜோடியாகவே வாழும். தன்னைவிடப் பல மடங்கு பெரிய நட்சத்திர மீனை இரண்டும் சேர்ந்து மல்லாக்கப் புரட்டி, கை நுனியில் ஆரம்பித்து நடு உடம்பு வரை நாள்கணக்கில் தின்னும். பவளத்தைத் தின்று அழிக்கும் முள் நட்சத்திர மீனையும் இவை விடுவதில்லை. அந்த வகையில் கடலுக்கு இவை நல்லதே செய்கின்றன.

ஜோடி என்றேனே, அது சும்மா பேச்சுக்கு இல்லை. ஜெர்மனியில் விக்லர், சைப்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1970-களில் இந்த இறாலை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். தன் துணை எது என்று இவற்றுக்கு வாசனையாலேயே தெரியுமாம். வேறு இறால்களுக்கு நடுவில் விட்டாலும் தேடிப் போய்ச் சேர்ந்துகொள்ளுமாம். பெண் இறால் மூன்று வாரத்துக்கு ஒரு தரம் சட்டையை உரிக்கும். அதை ஒட்டித்தான் முட்டை வைக்கும் காலம் என்பதால் ஆண் பக்கத்தை விட்டு நகர்வதில்லை.

ஆனால் தங்கை வீட்டில் நான் பார்த்தது ஒன்றே ஒன்று.

வாங்குவது ஒருவர், ஊட்டுவது ஒருவர்

"என்னக்கா செய்றது? வாங்குனது அவுக. ஊட்டுறது நானு" என்று ஆரம்பித்தாள் தங்கை. நம்மில் பல பேர் வீட்டிலும் இதுதானே கதை! நாய்க்குட்டியாகட்டும், கிளியாகட்டும், ஆசைப்பட்டு வாங்கி வருகிறவர் ஒருவர். வேளை தவறாமல் வயிற்றைப் பார்க்கிறவள் வீட்டுக்காரி.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் சென்னைக் கடை ஒன்றில் ஜோடியாக வாங்கியிருக்கிறார். விற்றவர் விலையைச் சொன்னார், பெயரைச் சொன்னார். என்ன தின்னும் என்று மட்டும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்திருக்கிறது. அதன் பிறகு, தூத்துக்குடி சிநேகிதர் ஒருவர் மூலமாக உயிரோடு ஒரு நட்சத்திர மீன் வந்தது. அதைத் தனியாக ஒரு சின்னத் தொட்டியில் வைத்தார்கள். அதற்கும் பசிக்குமே! இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தரம் அதன் அடியில் ஒரு துண்டு மீனைச் செருகி வைக்க வேண்டும். அது வயிற்றையே வெளியே தள்ளி அதன் மேல் போர்த்தித் தின்னும்.

பத்து நாளைக்கு ஒரு தரம் நட்சத்திர மீனின் கை ஒன்றைக் கத்தரித்து இறாலுக்குப் போட வேண்டும். போன கை திரும்ப முளைத்துவிடும், ஆகவே ஒரு நட்சத்திர மீன் இருந்தால் போதும் என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். தங்கை பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். பத்து நாளைக்கு ஒரு கை என்றால் வருஷத்துக்கு 36 கை. ஒரு நட்சத்திர மீனுக்கு இருப்பதோ 5. வெட்டிய கை முழுசாக வளர மாதக்கணக்கில் ஆகும். கணக்கு எங்கே நேராகும்? வருஷத்துக்கு ஏழு நட்சத்திர மீன் காலியாகும் என்பதுதான் உண்மை.

முதல் தடவை கையை வெட்டியபோது கூடத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் பார்த்துவிட்டாராம். "ஏத்தா, ஒண்ணோட வயித்துக்கு இன்னொண்ணோட கையா? நல்லா இருக்கு உங்க வளப்பு!" என்று எழுந்து போய்விட்டாராம். பையன் அன்றைக்கு ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. "அதுக்கு வலிக்காதா பெரியம்மா?" என்று என்னிடமும் கேட்டான். நட்சத்திர மீனுக்கு மூளை கிடையாது. ரத்தமும் கிடையாது, கடல் தண்ணீர்தான் குழாய் குழாயாக உடம்பில் ஓடுகிறது. ஆனால் வாயைச் சுற்றி நரம்பு வளையம் இருக்கிறது, காயம் பட்டால் விலகி நகர்கிறது. வலிக்காது என்று அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இட்லி மாவுக்குப் பக்கத்தில்

தங்கை ஒரு வழி கண்டுபிடித்தாள். மீனவர் வலையில் மீனோடு சேர்ந்து நட்சத்திர மீன்களும் வந்து விழும். விலை போகாது என்பதால் கரையில் கொட்டிவிடுவார்கள். அப்படிச் செத்துப் போனவற்றில் புதிதாக இருப்பதை மட்டும் பொறுக்கி, ஐஸ் போட்டு அனுப்பும்படி ஏற்பாடு. வந்ததும் கழுவி, அரை அங்குலத் துண்டுகளாக நறுக்கி, ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் மூடி போட்ட தனி டப்பாவில் வைத்துவிடுகிறாள். கீழ்த்தட்டில் இட்லி மாவு, மேலே நட்சத்திர மீன்! டப்பாவின் மேல் சிவப்புத் துணி கட்டி அடையாளம். அதற்கென்று தனிக் கத்தி, தனிப் பலகை. சமையல் பாத்திரத்தோடு கலப்பதில்லை.

வாரம் இரண்டு தரம் ஒரு துண்டை எடுத்து, தொட்டித் தண்ணீரையே கிண்ணத்தில் மொண்டு, குளிர் விடும் வரை அதில் போட்டு வைக்கிறாள். பிறகு நீள இடுக்கியால் பாறை அருகே வைக்கிறாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறால் வந்து, தட்டைக் கைகளால் அணைத்துக்கொண்டு, குழந்தை முறுக்கைக் கடிக்கிற மாதிரி நுனியிலிருந்து ஆரம்பித்தது. இரண்டு நாளில் மிச்சம் இருப்பதை எடுத்துவிட வேண்டும். விட்டால் அழுகித் தண்ணீர் கெட்டுப் போகும்.

இதிலும் ஒரு சோதனை வந்தது. கிழக்குக் கரையில் ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் முட்டையிடும் காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நல்ல சட்டம்தான். ஆனால் வலை போகாவிட்டால் நட்சத்திர மீன் எங்கிருந்து வரும்? போன மே மாதக் கடைசியில் டப்பா காலி. கோடை வெயிலும் சேர்ந்துகொண்டது. தொட்டித் தண்ணீர் 25, 26 டிகிரியில் நிற்க வேண்டும், வெளியிலோ வெயில் கொளுத்துகிறது. சின்ன ஃபேனைத் தொட்டிக்கு மேல் கட்டி ராப்பகலாக ஓட விட்டிருக்கிறார்கள். பதினெட்டு நாள் இறால்களுக்கு ஒரு வாய் உணவில்லை.

தங்கை தினம் காலையில் அடுப்புப் பற்ற வைக்குமுன் தொட்டியைத்தான் போய்ப் பார்ப்பாளாம். "நாம சாப்பிட உக்காந்தா தொண்டையில எறங்கலக்கா. பேசத் தெரிஞ்சதுன்னா கேட்டுரும். இது சும்மா கல்லுக்குப் பக்கத்துல நிக்குது." பதினைந்தாம் நாள் ஆண் இறால் செத்துக் கிடந்தது. பசியாலா, வெயிலாலா, யார் சொல்ல முடியும்? பெண் இறால் அதன் பக்கத்திலேயே நின்றதாம்.

பதினெட்டாம் நாள் மதுரையில் தொட்டி வைத்திருக்கும் ஒருவர் தம் தொட்டியில் தானாகப் பெருகியிருந்த நகக்கண் அளவு நட்சத்திர மீன்களை ஒரு பாட்டிலில் போட்டுக் கொடுத்தார். ஆஸ்டரைனா என்று ஒரு வகை. இரண்டாகப் பிளந்து பிளந்து தானே பெருகும். கடலில் இருந்து எடுக்க வேண்டியதில்லை. பெண் இறால் பிழைத்துக்கொண்டது. இப்போது சின்னத் தொட்டியில் அவற்றை வளர்க்கிறார்கள். அதோடு, சித்திரைக்கு முன்னால் நாம் வற்றல் வடகம் போட்டு வைப்பதுபோல், பங்குனியிலேயே 61 நாளுக்கும் கணக்குப் பார்த்து உறைபெட்டியில் சேர்த்துவிடுவது என்று முடிவு.

ஒற்றையாக இருக்கிறதே, இன்னொன்று வாங்கி ஜோடி சேர்க்கலாம் என்று தங்கை கணவருக்கு ஆசை. தங்கை ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். "இது இருக்குற வரைக்கும் குறை இல்லாம பாத்துக்கிடுவேன். இன்னொண்ணு வேணாம். அது வயித்துக்கு வழி பண்ணாம வீட்டுக்குள்ள கூப்பிடக் கூடாது" என்றாள். வம்புக்கு நிற்கும் மாமியார்கூட இதில் மருமகள் பக்கம்தான்!

பிளவக்கல் தண்ணீர் போகும் இடம்

ஊர் திரும்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் அணைக்கரையில் நின்றபோது தங்கை கணவர் ஒன்று சொன்னார். இந்த அணைத் தண்ணீர் கண்மாய்களை நிரப்பி, மிஞ்சியது அர்ஜுனா நதியில் சேர்ந்து, வைப்பாற்றோடு கலந்து, தூத்துக்குடி மாவட்டத்தில் சிப்பிக்குளம் பக்கம் மன்னார் வளைகுடாவில் விழுகிறது. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகள் இருப்பது அந்தக் கடலில்தான். 1986-ல் அதைக் கடல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வண்டி வண்டியாக ஏற்றினார்கள். அது நின்றது. இப்போது வெயில் வேறு வந்து நிற்கிறது. 2016-ல் கடல் தண்ணீர் சூடேறியதில் அங்கே பவளங்கள் நிறம் இழந்து வெளுத்தன, பல செத்தும் போயின.

அத்தனை பெரிய கடலே இரண்டு டிகிரி கூடினால் தாங்கவில்லை. கூடத்தில் இருக்கும் 120 லிட்டர் கடலுக்கு ஃபேன் கட்டி, ஐஸ் பார்த்து, உணவு சேர்த்து ஒரு பெண் எத்தனை பாடுபட வேண்டியிருக்கிறது! அதைப் பார்த்த பிறகுதான் கடலை அப்படியே விட்டு வைப்பதன் அருமை எனக்குப் புரிந்தது.

உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டால்

இந்தக் காலத்துப் பிள்ளைகள் மீன் தொட்டி கேட்காத வீடு இல்லை. கேட்கட்டும், நல்லதுதான். நன்னீர் மீனில் ஆரம்பியுங்கள். கடல் தொட்டிதான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தால், தங்கையிடம் நான் கற்றுக்கொண்ட சிலவற்றை நினைவில் வையுங்கள்.

தொட்டித் தண்ணீர் வற்றினால் நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல. ரசம் கொதித்து வற்றினால் உப்புக் கரிக்கிறதல்லவா, அதே கதைதான். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே இருக்கும்.

செம்புக் குடத்தில் வைத்த தண்ணீர் நமக்கு நல்லது என்று குடிக்கிறோம். இறாலுக்கும் நட்சத்திர மீனுக்கும் செம்பு நஞ்சு. தொட்டித் தண்ணீருக்கு பிளாஸ்டிக் வாளியே போதும். செம்பு கலந்த மீன் மருந்தும் கூடாது. கொசு மருந்து அடிக்கும்போது தொட்டியை மூடிவிடுங்கள். சோப்புக் கையை உள்ளே விடாதீர்கள். தொட்டியைத் தொட்டு வந்த பிள்ளைகளைச் சாப்பிடுமுன் கை கழுவச் சொல்லுங்கள்.

120 லிட்டர் என்றால் தண்ணீரே 120 கிலோவுக்கு மேல். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் ஆடும் மேசை மேல் வைக்கவே கூடாது. மின்சார ஒயரைப் பிளக்கை விடத் தாழ்வாகத் தொங்கவிட்டு மேலே கொண்டு போங்கள். ஒயர் வழியே வழியும் தண்ணீர் கீழேயே சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. கரண்ட் போனால் காற்றடிக்க பேட்டரிப் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இது என்ன தின்னும்? அது வருஷம் பூராவும் எங்கே கிடைக்கும்? இது எத்தனை வருஷம் இருக்கும்? மூன்றுக்கும் பதில் வந்து, அந்த உணவைத் தினமும் எடுத்துக் கொடுக்கப் போவது யார் என்றும் வீட்டில் பேசி முடிவு செய்த பிறகு பர்ஸைத் திறக்கலாம். பதில் வராவிட்டால் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பிளவக்கல்லுக்குப் பஸ் ஏறுங்கள். தளும்பும் தண்ணீரும், துள்ளும் மீனும், தலைகீழாக விழுந்த மலையும் அங்கே இருக்கின்றன. அவற்றுக்கு நாம் தீனி போட வேண்டியதில்லை.